கூழாங்கல் வீடும் முள்முருங்கைப் பூவும்

வற்றிய குளத்தின் கரையில் இரண்டு ஆட்காட்டிக் குருவிகள் குடியிருந்தன. கணவன் நெட்டைக்காலன். மனைவி மஞ்சக்காலி. வீடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் சாம்பல் நிறக் கூழாங்கற்கள், கொஞ்சம் காய்ந்த ஆட்டுப் புழுக்கை. அவ்வளவுதான். நடுவே நான்கு முட்டைகள் கிடந்தன. அவையும் மண் நிறம். எது கல், எது முட்டை என்று பெற்றவளுக்கே சில சமயம் தடுமாறும்.

கரையோர வேலமரத்தில் ஒரு வால்காக்கை இருந்தது. முட்டை என்றால் அதற்கு உயிர். கரை முழுவதும் சல்லடை போட்டுத் தேடியும் இந்த நான்கும் அதன் கண்ணில் படவில்லை. அதனால் வேறு வழி யோசித்தது.

வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிரவைப்பது வெயில் காலத்தில் மஞ்சக்காலியின் வழக்கம். அன்று அவள் தண்ணீர் தேடிப் பறந்ததும் வால்காக்கை கீழே இறங்கியது.

"மாப்பிள்ளை, சௌக்கியமா?"

"என் வீடு எங்கே என்று மட்டும் கேட்காதே!" என்றான் நெட்டைக்காலன்.

"எனக்கு எதற்கு அது? ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன். கல்லும் புழுக்கையும் கிடக்கிற வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்கு எவன் பெண் கொடுப்பான்?"

நெட்டைக்காலனுக்குச் சுருக்கென்றது. "நான் என்ன செய்ய?"

"முள்முருங்கை பூத்துக் கிடக்கிறதே! செக்கச் செவேலென்று அள்ளிப் போடு. வீடு கல்யாண வீடாகிவிடும்!"

சொல்லிவிட்டு வால்காக்கை மரத்துக்குப் போய், இனித் தேடும் வேலை இல்லை என்று நிம்மதியாகக் கண்ணை மூடியது. வீட்டு அழகுக்கு யோசனை கேட்க நெட்டைக்காலனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை பாருங்கள்! பூவைச் சுமந்து சுமந்து முட்டைகளைச் சுற்றி வட்டமாகப் பரப்பினான்.

மஞ்சக்காலி திரும்பி வந்தாள். வந்ததும் பதறிப்போனாள்.

"ஏங்க, என்ன காரியம் செய்தீர்கள்!"

"ஏன், அழகாக இல்லையா?"

"அக்கரையில் வரும்போதே நம் முட்டை நாலும் தெரிகிறது! எனக்குத் தெரிவது திருடனுக்குத் தெரியாதா?"

நெட்டைக்காலன் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஓடினான். "சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே! முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாதே!"

"முட்டையைத் தூக்க முடியாது. பூவைத் தூக்கலாமே!"

இருவரும் பூவையெல்லாம் அலகில் கவ்வி, தூரத்தில் இருந்த வேறொரு பள்ளத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் நான்கு உருண்டைக் கற்கள் கிடந்தன. அவற்றைச் சுற்றிப் பூவை அழகாகப் பரப்பினார்கள்.

வால்காக்கை கண் விழித்தது. சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. விருட்டென்று பாய்ந்தது. ஆட்காட்டிகள் இரண்டும் அந்தப் பள்ளத்தின் மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின.

"இவ்வளவு கத்தல் என்றால் முட்டை இங்கேதான்!" என்று வால்காக்கை முழு பலத்தோடு ஒரு கொத்து கொத்தியது.

டக்! அலகின் நுனி உடைந்து விழுந்தது.

"மாமா, எங்கள் வீட்டு அழகு எப்படி?" என்றான் நெட்டைக்காலன். வால்காக்கை உடைந்த அலகோடு பறந்துபோனது.

சில நாளில் குஞ்சுகள் பொரிந்தன. அவையும் மண் நிறம்தான். கூழாங்கற்களுக்கு நடுவே பிள்ளைகளைக் காணாமல் நெட்டைக்காலன் தவித்தான். காலடியில் ஒன்று கீச்சென்றதும் அவனுக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு அவன் முள்முருங்கைப் பக்கமே போகவில்லை.

பார்ப்பவர் மெச்சும் நிறத்தைவிட, உள்ளே வாழ்பவரைக் காக்கும் நிறமே வீட்டுக்கு அழகு.