கொட்டாவியில் ஓடிய பாய்மரங்கள்

அடுத்த மாதம் எங்கள் மேலேரியில் சர்வதேசப் பாய்மரப் படகுப் போட்டி. தொடக்க விழாவில் என் வரவேற்புக் கவிதைக்கு ஐந்து நிமிடம் கேட்டுப் படகுக் குழாமுக்குப் போயிருந்தேன். செயலாளர் பெலிக்ஸ் நிகழ்ச்சி நிரலை மடித்துக்கொண்டே இடமில்லை என்றார்.

"தம்பி, இங்க முதல் போட்டி நடந்ததே என் கவிதையாலதான். நீங்க அப்போ பிறக்கலை."

கேன்டீன் மெஹருன்னிசா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

அந்த வருஷம் நாற்பது நாடுகளிலிருந்து படகுகள் வந்தன என்றேன். தண்ணீரே தெரியவில்லை. படகுக்குப் படகு தாண்டி அக்கரைக்கு நடந்துபோய்க் கத்திரிக்காய் வாங்கி வந்தேன். ஆனால் காற்று இல்லை. மூன்று நாளாக ஊதுவத்திப் புகை ஏறின இடத்திலேயே நின்றது. அதில் துணி காயப்போட்டோம்.

"புகையிலயா?"

"ஈரத்துண்டு மட்டும்தான். புடவைக் கனம் தாங்கலை."

நடுவர்கள் பெட்டியைக் கட்டத் தொடங்கியபோது நான் மேடையேறிக் கவிதை படித்தேன். மூன்றாவது அடியில் ஒருவர் கொட்டாவி விட்டார். அது தொற்றக்கூடியதாயிற்றே. ஏழாவது அடியில் கரையிலிருந்த இருபதாயிரம் பேரும் ஒன்றாக வாய் திறந்தார்கள். தமிழ் தெரியாதவர்களும்தான். மொழிபெயர்ப்பே தேவைப்படாத கவிதை அது.

"கொட்டாவி காத்தை உள்ளதானேக்கா இழுக்கும்?" என்றாள் மெஹருன்னிசா.

முப்பது வருஷக் கல்லூரி வேலையில் இப்படிக் கேள்வி கேட்கும் மாணவி எனக்கு வாய்க்கவில்லை. முதலில் எல்லாப் படகும் பின்னோக்கி வந்து கரையில் முட்டின என்று ஒப்புக்கொண்டேன். பிறகு மூச்சை விட்டார்கள் பார், அதில் பறந்ததுதான் போட்டி. ஒரு படகு நிற்காமல் அக்கரை ஏறிப் பேருந்து நிலையம் வரை போனது. அங்கே நடத்துனர் டிக்கெட் கேட்டுத்தான் அதை நிறுத்தினார்.

"அத்தனை பேரும் எழுந்து போகாம கேட்டாங்களா?" என்றாள்.

அதுதான் நம்ப முடியாத இடம் என்று எனக்கும் தெரியும். "கடைசி அடி வரைக்கும்," என்றேன்.

பெலிக்ஸ் சிரிக்கவில்லை. நிரலை மறுபடி விரித்துப் பேனாவைத் திறந்தார். நான் நோட்டைத் திறந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியே படகுத்துறைக் கொடியைப் பார்த்தார். அது படபடத்துக்கொண்டிருந்தது. பிறகு என் பெயரை எழுதி நிரலை என் பக்கம் திருப்பினார்.

அவசர ஏற்பாடுகள் என்ற தலைப்பின் கீழே ஆம்புலன்ஸ், மீட்புப் படகு, அதற்கடுத்து நான்.

"காத்து நின்னுட்டா சொல்லி அனுப்புறோம் மேடம்."