வேலைக்கள்ளிக் காய்ச்சல்

ஜமீன்தாருக்கு வந்த காய்ச்சல் மாதம் தாண்டியும் விடவில்லை. நாடி பிடித்துப் பிடித்தே கை ஓய்ந்துபோன அரண்மனை வைத்தியருக்கு, என்ன நோய் என்பது மட்டும் பிடிபடவில்லை.

தொழுவம் கூட்டும் பூவாயி வாசலில் நின்றபடி சொன்னாள்: "வைத்தியருக்குத் தெரிஞ்ச காய்ச்சல்தானுங்களே எசமான்!"

"பேரைச் சொல்லு. பொய்னா தோலை உரிச்சுடுவேன்."

"வேலைக்கள்ளிக் காய்ச்சலுங்க. எஞ்சின்ன மகளுக்கு இதேமாதிரி விடாம அடிச்சப்ப வைத்தியர் ஐயாதான் கண்டுபிடிச்சாரு. கூடை கூடையாச் சாணி அள்ளுனா வேர்த்து இறங்கிடும்னு மருந்தும் சொன்னாரு."

ஜமீன்தாருக்குக் கோபம் வரவில்லை, உயிராசை வந்தது. எழுந்து உட்கார்ந்தார்.

"அள்ளுனாளா? இறங்குச்சா?"

"அள்ளுனாளுங்க. இறங்கிடுச்சுங்க. குழியில இறக்கறப்பத் தொட்டுப் பாத்தேன், சில்லுனு இருந்தா."