முந்திரி பப்ஸும் ஆறாவது ஆளும்

சுள்ளிமேட்டு அண்ணன் தம்பிகள் என்று பேச்சை எடுத்தாலே போதும், பக்கத்து ஊர்க்காரர்கள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வார்கள். மூன்று பேரும் நல்லவர்கள், எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களுடைய கஷ்டமெல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

மூத்தவர் சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. நடுவில் நாச்சிமுத்து. பத்தாவது வரை படித்தவர் என்பதால் அந்த வீட்டில் எழுத்து சம்பந்தப்பட்ட எதற்கும் அவர் வைத்ததுதான் சட்டம். கடைசி ஆள் குழந்தைவேலு, முப்பத்தோரு வயதுக் குழந்தை. தோப்பு இருந்தது, ஓட்டு வீடு இருந்தது, ஆளுக்கொரு மொபட் இருந்தது. கல்யாணம் மட்டும் இல்லை. அண்ணனுக்கு ஆகாமல் தம்பிகளுக்கு ஆகாது என்பதால் மூன்று பேருடைய ஆசையும் ஒரே தாலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருவார்கள். சம்மதம் இல்லாவிட்டால் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பலகாரத்தில் ஒரு வாய் தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சென்னியப்பன் வீட்டுக்கு இதுவரை மூன்று குடும்பம் வந்து, மூன்று குடும்பமும் காபியோடு போய்விட்டது. கடைசியாக வந்தபோது தரகர் தெய்வசிகாமணி, "வந்தவங்க முன்னால வாயே திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மூவரும் திறக்கவில்லை. வணக்கத்துக்குக்கூடத் திறக்கவில்லை. மூன்று பேருக்கும் பேச்சு வராது போல என்று பரிதாபப்பட்டுக்கொண்டே வந்தவர்கள் வண்டி ஏறினார்கள்.

இப்போது நான்காவது இடம். பெண் பொள்ளாச்சியில் பள்ளிக்கூட டீச்சர், பெயர் பூங்கோதை. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. தோப்புக்குப் போனால் மரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார், தண்ணீர் பாத்தி நிறைந்து ரோட்டுக்கு ஓடும். இதுவும் கைநழுவிப் போனால் தாங்க மாட்டேன் என்று தரகரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

தரகர் சனிக்கிழமை சாயங்காலம் ஓர் அட்டைப்பெட்டியையும் தன் வீட்டு ஓவனையும் கொண்டுவந்து இறக்கினார்.

"இது கடையில ரெடியா விக்கிற பப்ஸ் மாவுங்க. உள்ள பருப்பு வெச்சு, மடிச்சு, சுட்டா முடிஞ்சுது. பொண்ணோட அம்மாவுக்கு முந்திரி பப்ஸுன்னா உசுரு. வாசத்துக்கே கை நீண்டுரும். ஒண்ணே ஒண்ணு தின்னுட்டாப் போதும், அப்பறம் மறுபேச்சு கெடையாது. பெட்டியில தமிழ்ல எழுதீருக்குது. எழுதுனபடியே செய்யுங்க, ஒரு எழுத்துப் பிசகாதீங்க."

இதை அவர் வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பெண் வீட்டார் வருவதாக ஏற்பாடு. 'ஓவனை முன்கூட்டியே சூடாக்கவும்' என்று பெட்டியில் இருந்ததால், நாச்சிமுத்து விடிந்ததுமே ஸ்விட்சைப் போட்டுவிட்டார். மத்தியானத்துக்குள் ஓவனுக்கு மேலே மாட்டியிருந்த நாட்காட்டி சுருண்டு போயிருந்தது.

உண்மையான வேலை இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"'உபயோகிக்கும் முன் அரை மணி நேரம் வெளியே வைக்கவும்.'"

"வெளியேன்னா எதுக்கு வெளியே?" என்று கேட்டார் குழந்தைவேலு.

நாச்சிமுத்து பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதப் போடலையே. ஊட்டுக்கு வெளியவா, ஊருக்கு வெளியவான்னு தெரியல."

மூவரும் யோசித்தார்கள். சென்னியப்பன்தான் பெரியவராகத் தீர்த்து வைத்தார். "ஊட்டுக்கு வெளிய வெச்சா அது ஊருக்கு உள்ளதானே இருக்கும்? ஊருக்கு வெளிய வெச்சுட்டா ஊட்டுக்கும் வெளிய ஆச்சு. எதுக்கு வம்பு?"

குழந்தைவேலு மாவை மொபட்டில் கட்டிக்கொண்டு ஊர் எல்லையில் இருக்கும் மைல் கல்லுக்குப் போனார். கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் வெயிலில் நின்றார். விசாரித்த இரண்டு பேரிடமும், மாவை ஊருக்கு வெளியே வைத்திருப்பதாக உள்ளது உள்ளபடி சொன்னார். அவர்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது மாவு துவண்டு தொங்கியது.

"பாவம், வெயில்ல களைச்சுப் போச்சு" என்றார் சென்னியப்பன்.

"அதுக்கும் எழுதீருக்குதுங்கண்ணா. 'மாவுக்குப் பதினைந்து நிமிடம் ஓய்வு கொடுக்கவும்.' படிச்சவன் எழுதுனதுன்னா சும்மாவா?"

சென்னியப்பன் தன் கட்டிலில் புது விரிப்பு விரித்தார். மாவைப் படுக்க வைத்து, தலைமாட்டில் தலையணை வைத்தார். எது தலைமாடு என்பதில் சின்னத் தகராறு வந்தது, அப்புறம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைத்தார்கள். மின்விசிறியை இரண்டில் ஓடவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தபோது, குழந்தைவேலு நுனிக்காலில் ஓடிப்போய், ஒரு பதினைந்து நிமிஷத்துக்குச் சோறு ஆக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

மாவு தூங்கும் நேரத்தில் பருப்பு வேலை நடந்தது. 'முந்திரி, பாதாம், நிலக்கடலையை ஒன்றிரண்டாக உடைக்கவும்' என்று இருந்தது. மூவரும் கத்தியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பருப்பையும் எடுத்துச் சரியாக இரண்டாக உடைத்தார்கள். நிலக்கடலை நல்லபடியாகப் பிரிந்தது. முந்திரியும் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. பாதாம்தான் சண்டித்தனம் செய்தது. சென்னியப்பன் கையில் ஒரு பாதாம் மூன்றாக உடைந்தபோது அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எழுத்துப் பிசகிப்போச்சு நாச்சிமுத்து. இனி இந்தச் சம்பந்தம் என்ன ஆகுமோ."

"பதறாதீங்கண்ணா. மூணுல ஒண்ணு போனா ரெண்டு. டேய், நீ ஒரு துண்டத் தின்னுடு."

குழந்தைவேலு கடமையாகத் தின்றார். இந்தப் பரிகாரம் தெரிந்த பிறகு அவர் கையில் ஏகப்பட்ட பருப்பு மூன்றாக உடைந்தது. மிச்சத்தில் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்து வைத்தார்கள்.

மூன்று மணிக்கு மாவை எழுப்பினார்கள். அது விரிப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. சென்னியப்பன் கெஞ்சிக் கெஞ்சிப் பிரித்தெடுத்தார். சதுரமாக வெட்டி, நடுவில் பருப்பை வைத்தார்.

"'ஓரங்களில் முட்டை தடவி மடிக்கவும்'" என்று வாசித்தார் நாச்சிமுத்து.

குழந்தைவேலு ஒரு முட்டையை எடுத்து ஓரத்தில் தடவினார். முட்டை வழுக்கிக்கொண்டு உருண்டது.

"ஒடச்சுத் தடவோணுமோ?" என்று சந்தேகப்பட்டார் சென்னியப்பன்.

நாச்சிமுத்து அவரை வருத்தத்தோடு பார்த்தார். "பருப்ப ஒடைக்கச் சொன்னவனுக்கு முட்டைய ஒடைக்கச் சொல்லத் தெரியாதாங்கண்ணா? வேணுமுன்னா எழுதீருக்க மாட்டானா?"

முழு முட்டையைப் பதினெட்டு பப்ஸுக்கும் நாலு பக்கமும் பக்தியோடு தடவினார்கள். தடவி முடிந்ததும் முட்டையைத் துடைத்துக் கூடையில் வைத்துவிட்டார்கள். ஓரங்கள் ஒட்டவில்லை. சென்னியப்பன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து அமுக்கி, பூங்கோதையின் பெயரை ஒருமுறை மனசுக்குள் சொன்னார். அதில் ஒட்டிக்கொண்டது. எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஓவனுக்குள் தட்டு போனது. கடைசிக் கண்டம் அப்போதுதான் வந்தது.

"'பொன்னிறமாகும் வரை சுடவும்.'"

"எந்தப் பொன்னு?" என்றார் சென்னியப்பன். "பொன்னுல மஞ்சப் பொன்னு இருக்குது, செகப்புப் பொன்னு இருக்குது. ஒத்துப்பாக்க ஊட்டுல ஒரு குந்துமணி இல்லியே. அம்மா நகையெல்லாம் பேங்கு லாக்கருல கெடக்குது. இன்னைக்கு ஞாயித்துக்கெழம."

நாச்சிமுத்து தம்பியைப் பார்த்தார். குழந்தைவேலுவுக்கு மொபட்டிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று போய், அந்த இடத்தில் தங்கப் பல் கட்டியிருந்தது. அதிகம் பேசாத ஆள் என்பதால் வீட்டில் எல்லோரும் அதை மறந்திருந்தார்கள்.

"டேய், ஓவனுக்குப் பக்கத்துல குத்தவெச்சு ஈன்னு இளி."

குழந்தைவேலு இளித்தார். நாச்சிமுத்து டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தார், கண்ணாடி வழியாகப் பப்ஸைப் பார்த்தார், மறுபடி பல்லைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு பவுன் கொறையுது" என்றார். சென்னியப்பன் தம்பியின் உதடு மூடாதபடி இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

இந்தக் காட்சியில்தான் பெண் வீட்டார் ஐந்து பேரும் உள்ளே வந்தார்கள். பெண்ணின் அப்பா தங்கமுத்து, அம்மா வேலுமணி, சித்தப்பா, சித்தி, ஒரு மாமா. ஐந்து பேரும் வாசற்படியிலேயே நின்றார்கள்.

"வாங்க, வாங்க. இப்பத்தான் நெறம் வந்துச்சுங்க" என்றார் சென்னியப்பன், தம்பியின் உதட்டை விட்டுவிட்டு.

ஐந்து பேரும் தயங்கியபடி வந்து உட்கார்ந்தார்கள். தங்கமுத்துவுக்கு அந்த நிமிஷமே திரும்பிப் போய்விடத் தோன்றியது. ஆனால் ஓவன் கதவு திறந்தது. மாவு செய்த கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். ஊர் எல்லைக்குப் போய்வந்து, கட்டிலில் படுத்து எழுந்த பிறகும் அது தன் வேலையைச் செய்திருந்தது. பப்ஸ் ஒவ்வொன்றும் ஏடு ஏடாக உப்பியிருந்தது. நெய்யும் ஏலக்காயும் முந்திரியுமாக வாசம் கூடத்தை நிறைத்தது. வேலுமணியம்மாள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

சென்னியப்பன் தட்டை நீட்டினார். இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வேலுமணியம்மாள் புருஷனைப் பார்த்தார். தங்கமுத்து கண்ணாலேயே கூடாது என்றார். அம்மாள் அதைக் கவனிக்காததுபோல் கையை நீட்டினார். விரல் பப்ஸின் மேல் படப் போன நேரம்.

"ஒரு நிமிசமுங்க" என்றார் நாச்சிமுத்து.

பெட்டியின் அடியில் இருந்த கடைசி வரியை அப்போதுதான் அவர் கண்டிருந்தார். "'ஆறு பேருக்குப் பரிமாறலாம்'னு போட்டிருக்குதுங்க. நீங்க அஞ்சு பேருதான் வந்திருக்கறீங்க. ஆறாவது ஆள் வராம ஆரும் தொடக்கூடாதுங்க."

"இந்த ஒண்ண மட்டும் விட்டுரலாம் நாச்சிமுத்து" என்றார் சென்னியப்பன், அழுகிற குரலில்.

"அவ்வளவையும் ஒழுங்காச் செஞ்சுபோட்டுக் கரையேறுற நேரத்துல பிசகலாமாங்கண்ணா?"

சென்னியப்பனுக்கு அதில் இருந்த நியாயம் தெரிந்தது. தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வேலுமணியம்மாளின் கை அந்தரத்தில் நின்றது.

குழந்தைவேலு வெளியே ஓடி, வேனில் கால் நீட்டிப் படுத்திருந்த டிரைவர் ரங்கராசுவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆறாவது நாற்காலியில் உட்கார வைத்தார். இப்போது கணக்குச் சரி. ஆனால் வேலுமணியம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற நால்வரும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் சாப்பிடாத ரங்கராசு மட்டும் ஏழு பப்ஸ் தின்றார்.

"அருமையா இருக்குதுங்க. உள்ள பருப்பு ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியுது" என்றார் அவர். அன்றைக்குச் சென்னியப்பனை யாராவது பாராட்டினார்கள் என்றால் அது ஒன்றுதான்.

தங்கமுத்து எழுந்தார். "அப்ப நாங்க கெளம்பறமுங்க. கலந்து பேசிச் சொல்லி அனுப்பறோம்."

"எதக் கலந்து பேசறதுங்க?" என்றார் நாச்சிமுத்து. "சம்மதந்தான் சொல்லியாச்சே. உங்க ஆளு பலகாரம் தின்னுட்டாருங்களே."

"அவன் வாடகை வேன் டிரைவருங்க."

"உங்ககூட வந்தாருங்களா, எங்ககூட வந்தாருங்களா?"

"எங்ககூடத்தான் வந்தான். அதுக்காக?"

"அப்ப உங்க பக்கத்து ஆளுதானுங்க. ஒண்ணு தின்னாலே சம்மதம். இவரு ஏழு தின்னிருக்காருங்க. ஏழு மடங்கு சம்மதமுங்க."

தங்கமுத்து முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இருந்தவர். யாரிடமும் வாதத்தில் தோற்காதவர். அன்று தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்ததும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அவன் தின்னதுதான் சம்மதமுன்னா, அவன்கிட்டயே சம்பந்தம் பேசிக்கங்க. எங்கள விடுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

வேன் போன புழுதி அடங்கும் வரை மூவரும் வாசலில் நின்றார்கள். சென்னியப்பன் பூங்கோதையின் போட்டோவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"பெரிய மனுசர் ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருக்காரு. தட்ட முடியுமா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, பொள்ளாச்சி வேன் ஸ்டாண்டில், வெள்ளை வேட்டி சட்டையில் மூன்று பேர் தாம்பாளத்தோடு வந்து ரங்கராசு முன்னால் நின்றார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மிச்சம் பதினொரு பப்ஸ். நாச்சிமுத்து விஷயத்தை விளக்கமாக எடுத்துச் சொன்னார்.

ரங்கராசு தலையைச் சொறிந்தார். "எனக்கு அக்கா தங்கச்சி ஆரும் கெடையாதுங்க. கல்யாணமும் ஆகலீங்க. எனக்குன்னு இருக்கறது இந்த வேன் ஒண்ணுதானுங்க. பெத்த புள்ளையாட்டம் பாத்துக்கறேன்."

மூவரும் வேனைப் பார்த்தார்கள். வெள்ளை வேன். காலையில்தான் குளித்திருந்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. முன்கண்ணாடியில் மல்லிகைச் சரம் தொங்கியது. சென்னியப்பன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். "வண்டி டெலிவரி எடுத்த தேதி, நேரம் ஞாபகம் இருக்குதுங்களா? ஜாதகம் எழுதோணும்."

சென்னியப்பன் வேனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

"அதெல்லாம் அப்பறம் நாச்சிமுத்து. மொதல்ல அவிங்களுக்குச் சம்மதமான்னு கேளு."