இருநூறு ஏக்கரும் ஒரு டயரும்

கடிதத்தைப் படித்ததும் தணிகாசலத்துக்குக் கை கால் ஓடவில்லை. ஐம்பத்தாறு வயது மனிதர், தொழிற்பூங்கா அதிகாரி. இருநூறு ஏக்கர், நான்கு வழிச் சாலை, தடையில்லாத மின்சாரம், பத்து வருஷ வரிச்சலுகை என்று தட்டில் வைத்து நீட்டியும், கார் பாகம் செய்கிற கொரியா கம்பெனி வேண்டாமென்று எழுதிவிட்டது. சரி, வேறெங்கே போனார்களாம்? சென்னைப் பக்கம், மூச்சுமுட்டும் நெரிசலில், யானை விலைக்கு மூன்றே ஏக்கர். அதுவும் தங்கள் பரம எதிரி கம்பெனியின் மதிலை ஒட்டி!

"இவனுங்களுக்கு மூளை கீளை குழம்பிடுச்சா?" என்று வாய்விட்டே கத்தினார்.

நிலம் கொடுத்த முந்நூறு குடும்பத்துக்கும் வேலை வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர் அவர்தானே! இனி எந்த முகத்தோடு ஊருக்குள் போவார்?

அதிகாரிகளுக்குப் பொருளாதார வகுப்பெடுக்கும் ஜெபராணியிடம் ஓடினார். அவரைவிட இருபது வயது இளையவள். இருந்தாலும் அவருக்கு அவள் டீச்சர்தான்.

"என் இடத்துல என்ன குறை, டீச்சர்?"

"பார்த்தாத்தானே தெரியும். வண்டியை எடுங்க சார்."

உச்சி வெயிலில் பூங்காவின் நட்டநடுவில் பைக் நின்றது. சுற்றிலும் ஒரு ஈ காக்காய் இல்லை. ஜெபராணி இறங்கினாள். கைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துப் பின் டயரில் வைத்தாள். கல்லை எடுத்து ஓங்கி ஒரே போடு.

"ஐயையோ! என்ன டீச்சர் பண்றீங்க!" தணிகாசலம் அலறியே விட்டார்.

"தொழில்னா ஏதாவது ஒண்ணு கெடத்தான் செய்யும். சரி பண்ணுங்க, போகலாம்."

"பஞ்சர் கடைக்குப் பதினெட்டு கிலோமீட்டர் போகணும்!"

"பக்கத்துல யாருகிட்டயாவது கேளுங்களேன்."

"இங்க எவன் இருக்கான் கேக்குறதுக்கு?"

"இங்க போட்டிக் கம்பெனியே கிடையாதுன்னு பூங்கா நோட்டீஸ்ல பெருமையா போட்டிருந்தீங்களே."

 அவர் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

"ஏன் சார், இங்கயே ஒரு பஞ்சர் கடை போடச் சொல்லி யாரையாவது கூப்பிடலாமே? இடம் சும்மாவே தர்றோம்னு சொல்லுங்க."

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா குடுத்தா மட்டும்? என் ஒத்த வண்டியை நம்பி எவன் டீச்சர் இந்தப் பொட்டல்ல வந்து கடை போடுவான்?"

"கொரியாக்காரரும் இதையேதான் கேட்டிருப்பார், சார். நாலு கம்பெனி ஒட்டி நின்னாத்தானே ரிப்பேர் கடைக்காரன் தேடி வருவான்."