இருபத்திரண்டு முறை அளந்தவர்

மலைமேல் இருந்த ஆசிரமத்துக்குச் செயற்கைக்கோள் இணையம் வந்தது. டிஷ் வாங்கித் தந்த அன்பர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேகம் எவ்வளவு என்று அளந்து எழுதி அனுப்புங்கள்.

சீடர் வேதமூர்த்தி அந்த வேலையை ஏற்றார். ஓய்வு பெற்ற பொறியாளர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தியானத்துக்கே கடிகாரம் வைத்து உட்காருகிற ஆசாமி, விடுவாரா?

காலை ஒன்பது மணிக்கு மடிக்கணினியில் வேகம் அளக்கும் தளத்தைத் திறந்தார். முதலில் தொண்ணூறு மெகாபிட் வந்தது. மனம் குளிர்ந்தது. அடுத்து நாற்பது. பிறகு பதினொன்று. மானப் பிரச்சினையாகிவிட்டது. நல்ல எண் வராமல் எழுந்திருப்பதில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒவ்வொரு சோதனையும் மொத்த இணைப்பையும் இழுத்துக்கொள்ளும், மற்றவர்களுக்கு இணையம் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். எண்ணின் மேலேயே கண்ணாக இருந்ததில் மறந்துபோனார்.

பத்து மணிக்குக் குரு நாச்சியம்மையின் முன் போய் நின்றார்.

"அம்மா, எவ்வளவு அளந்தாலும் வேகம் நிலையா நிக்க மாட்டேங்குது. என்ன காரணம்?"

குரு எழுந்து வாசலுக்கு நடந்தார். இவரும் பின்னால் போனார்.

படியில் தங்கமயில் உட்கார்ந்திருந்தாள். கீழே எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். கணவனுக்கு மஸ்கட்டில் அன்று இதய ஆபரேஷன். அதற்குமுன் கால் மணி நேரம் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசிரமத்து வைஃபையை நம்பி ஏறி வந்திருந்தாள்.

"என்னமோ சொல்ல வாயெடுத்தாருங்க. வீடியோ அப்படியே நின்னுபோச்சு. அதுக்குள்ள உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்."

நின்றுபோன முகமாவது இருக்கட்டும் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். அதில் அவன் வாய் பாதி திறந்திருந்தது.

"எத்தனை தடவை அளந்தீங்க?" என்று குரு கேட்டார்.

"இருபத்திரண்டு." என்றார் வேதமூர்த்தி.

தங்கமயில் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "மெஷின்ல ஏதும் கோளாறுங்களா சாமி? பாவம், காலையிலேர்ந்து அதோட மல்லுக்கட்டுறீங்களே."

அவள் திட்டியிருந்தால்கூட வேதமூர்த்தி தாங்கியிருப்பார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. நான்தான்..."

குருவிடம் திரும்பினார். "டிஷ் குடுத்தவங்களுக்கு நான் என்ன எழுதட்டும்?"

குரு தங்கமயிலிடமிருந்து, அந்த ஸ்கிரீன்ஷாட் திறந்திருந்த போனை வாங்கி அவர் கையில் வைத்தார்.

"இவர் என்ன சொல்ல வந்தார்னு எழுதுங்க."