கோபக்காரனும் கோட்டைக்காரனும்

அந்த மாதம் முத்தந்துறை நாட்டில் ஒருவரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை. எல்லாம் ஒரு யவனப் பாணனால் வந்த வினை. கப்பலில் வந்து இறங்கியவன், தன் ஊர்க் கதை ஒன்றைத் தினமும் அரசவையில் பாடினான். துபாசி ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். பத்து வருஷ முற்றுகைக் கதை. அதில் இரண்டு மாவீரர்கள். ஒருவன் முற்றுகையிட்ட படையின் சூரன். தனக்கு மரியாதை குறைந்துவிட்டதென்று கூடாரத்துக்குள் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தவன். மற்றவன் உள்ளே இருந்து கோட்டையைக் காத்தவன். யவனப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் ஒருவன் கோபக்காரன், இன்னொருவன் கோட்டைக்காரன்.

அரசர் சேந்தன் கோபக்காரன் கட்சி. மகாராணி கோட்டைக்காரன் கட்சி. அப்புறம் கேட்க வேண்டுமா? அமைச்சர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சமையற்காரர்கள் கரண்டியோடு மோதிக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் அரசர் பொறுமை இழந்தார். "நள்ளாதரே! இருவரில் யார் பெரியவன்? பொழுது சாய்வதற்குள் தராசில் நிறுத்துக் காட்டும்!"

அரசவை விகடர் நள்ளாதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "செத்துப்போனவர்களையா மகாராஜா?"

"முடியாதென்றால் நாளைக்கே யவனக் கப்பலில் ஏறும். அவர்கள் ஊரிலேயே விசாரித்துக்கொண்டு வாரும்."

"பொய்யாக நிறுத்தாலும் கப்பல்தான்" என்றார் மகாராணி.

நள்ளாதருக்கு ஓடத்தில் உட்கார்ந்தாலே குமட்டும். உடனே மூளை ஓடியது. பொற்கொல்லரின் சின்னத் தராசை வரவழைத்தார். ஒரே துணியில் இரண்டு துண்டு கிழித்துத் தட்டுகளில் வைத்தார். முள் நடுவில் நின்றது. துண்டுகளை எடுத்து அரசரின் இரண்டு கைகளிலும் கொடுத்தார்.

"மகாராஜா, வலக்கைத் துண்டு கோபக்காரனுக்கு. இடக்கைத் துண்டு கோட்டைக்காரனுக்கு. அவரவர் பாட்டு வரும்போது அவரவர் துண்டை மட்டும் எடுங்கள். வேறொன்றும் வேண்டாம்."

பாணன் முதலில் கோபக்காரனின் போரைப் பாடினான். அரசர் சிம்மாசனத்திலிருந்து துள்ளினார். துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி, "அடி! விடாதே!" என்று கூவினார்.

பிறகு கோட்டைக்காரன் முறை. கோட்டைக்காரனின் தலைக்கவசத்தைப் பார்த்து அவனுடைய கைக்குழந்தை மிரண்டது. கோபக்காரன் கையால் கோட்டைக்காரன் களத்தில் விழுந்தான். அவனுடைய கிழட்டுத் தகப்பன், மகன் உடலைக் கேட்டு எதிரியின் கூடாரத்துக்கே தனியாகப் போனான். அரசர் இடக்கைத் துண்டால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் மூக்கை. அப்புறம் மறுபடியும் கண்ணை.

நள்ளாதர் துண்டுகளை வாங்கித் தராசில் போட்டார். ஈரத்துண்டு இருந்த தட்டு சடாரென்று இறங்கியது.

"என் கோட்டைக்காரன்!" என்று மகாராணி கைகொட்டினார்.

அரசர் முகம் சுருங்கிவிட்டது. "என் ஆளை நானே தோற்கடித்தேனா? என்னையே கட்சி மாற வைத்தீரா? கட்டும் மூட்டையை!"

"ஒரு நிமிஷம் மகாராஜா!" நள்ளாதர் பாணனிடம் திரும்பினார். "அந்தக் கிழவனைக் கண்டதும் கோபக்காரன் என்ன செய்தான்?"

பாணன் பாடினான். துபாசி தமிழில் சொன்னார். "கோபக்காரனும் கிழவனோடு உட்கார்ந்து அழுதான்."



"கேட்டீர்களா?" என்றார் நள்ளாதர். "கோட்டைக்காரன் வீட்டுத் துக்கத்துக்கு முதலில் அழுத எதிராளியே உங்கள் ஆள்தான். அவன் அழுதான், நீங்களும் அழுதீர்கள். கட்சி மாறவே இல்லை மகாராஜா!"

அரசர் அரண்மனை அதிரச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி நள்ளாதர் கழுத்தில் போட்டார்.