பின்னால் நீந்த வெட்கப்பட்ட சொட்டைவாளை

ஓர் ஏரியில், மதகுக்குப் பக்கத்தில் ஒரு பனங்கட்டை மூழ்கிக் கிடந்தது. அதன் அடியில் ஒரு சொட்டைவாளை மீன் குடியிருந்தது. கூன் முதுகு, கத்தி மாதிரி தட்டை உடம்பு. பகலெல்லாம் கட்டை நிழலில் பதுங்கிக் கிடக்கும். இருட்டினால்தான் இரை தேடக் கிளம்பும்.

மழைக்காலம் வந்தது. பெண் வாளை பனங்கட்டையில் முட்டைகளை ஒட்டி வைத்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது. இனி இரவும் பகலும் காவல் காப்பது அப்பன் வேலை. அந்தக் குலத்து வழக்கம் அப்படி!

காவலில் நம்ம வாளை படு கெட்டி. எவனாவது கிட்டே வந்தால் சீறிப் பாய்ந்து விரட்டும். விரட்டிவிட்டுத் திரும்பாது! வயிற்றடியில் நீளமாக ஓடும் துடுப்பை நெளித்து நெளித்து, எதிரியை முறைத்தபடியே, பின்னாலேயே நீந்தி முட்டைகளிடம் வந்து சேரும். அது முதுகைக் காட்டினால்தானே அடுத்தவன் உள்ளே புகுவான்?

அந்த முட்டைகளைப் பார்த்து ஒரு ஜிலேபிக் கெண்டைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இரவில் வரலாம் என்றால் கண் தெரியாது. பகலில் வந்தாலோ வாளையின் முகம்தான் எதிரே நிற்கிறது. மோதிப் பார்க்கத் துணிச்சல் இல்லை. வாய் மட்டும் காது வரைக்கும் இருந்தது.

அது சின்ன மீன்களைக் கூட்டி வைத்துக்கொண்டு கத்தியது.

“லாரி பின்னால வருது, ஒதுங்குங்கப்பா! வரலாம்... வரலாம்... போதும், நிறுத்து!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“சிரிச்சுட்டுப் போங்க! என் பிள்ளைங்களுக்கு நான் காவல்!” என்றது வாளை.

வாளை அத்தோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருக்கும். மறுநாள் கெண்டை வேறு இடத்தில் குத்தியது.

“பகல்ல வெளியே தலைகாட்ட மாட்டே! நீந்தினாலும் பின்பக்கமா நீந்துவே! நாளைக்குப் பொறக்கிற பிள்ளைங்க, இவர்தான் எங்கப்பான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லும்?”

வாளைக்குச் சுருக்கென்றது. மூளை கெட்ட மீன்! பிள்ளை பிறந்தால்தானே அப்பனைப் பற்றி ஏதாவது சொல்லும்? அது அதற்குத் தோன்றவே இல்லை. மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

“எனக்கும் நேரா நீந்தத் தெரியும்!”

“அப்படியா! அதோ, அந்த அல்லிக்கொடி வரைக்கும் போய்க் காட்டேன். எல்லாரையும் போல, மூஞ்சி முன்னால இருக்கணும்!”

“இதோ பார்!” என்று வாளை முட்டைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பியது.

வெயிலில் கண் கூசியது. வழியும் சரியாகத் தெரியவில்லை. ஆனால் காது நன்றாகக் கேட்டது.

“அப்படிப் போடு! என்னா நடை, என்னா அழகு!” என்று சின்ன மீன்கள் ஆரவாரம் செய்தன.

போதாதா? வாளைக்குத் தலைகால் புரியவில்லை. அல்லிக்கொடியோடு திரும்பியிருக்கலாம். அசட்டுப் பெருமையில் அதை இன்னொரு சுற்றும் சுற்றி, உடம்பை வளைத்துக் காட்டிவிட்டுத்தான் வீடு வந்தது.

பனங்கட்டை வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. ஒரு முட்டை இல்லை! பக்கத்தில் ஜிலேபிக் கெண்டை, வயிறு புடைக்க, ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது.

“ஐயோ! என் பிள்ளைங்க எங்கே?” என்று அலறியது வாளை.

“பின்னால நீந்திப் போயிருந்தா பார்த்துக்கிட்டே போயிருப்பியே!” என்றது கெண்டை. ஒரு ஏப்பம் விட்டுவிட்டு நகர்ந்தது.

ஆரவாரம் செய்த கூட்டம் எப்போதோ கலைந்து போயிருந்தது. வாளை மெல்லப் பின்னாலேயே நீந்திக் கட்டைக்கடியில் நுழைந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. காக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

எதிரியின் கேலிக்கு வெட்கப்பட்டுத் தன் பலத்தை உதறுகிறவன், தன் பிள்ளைகளைத் தானே எதிரிக்கு ஊட்டிவிடுகிறான்.